கேட்ட பிறகே புரிகிற வரி

மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வு நோய்க்கு எங்கள் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு மந்திரமே உண்டு. "லோ பிட்ச்டு, ரஃப், ரம்ப்ளிங், மிட்-டயஸ்டாலிக் மர்மர்." அதாவது, தாழ்ந்த சுருதியில், கரடுமுரடாக, உருள்கிற மாதிரி, இதயம் விரியும் கட்டத்தின் நடுவே கேட்கும் முணுமுணுப்பு. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பின் பெல் பக்கத்தை இதயத்தின் நுனித்துடிப்பு தெரியும் இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். நானும் ஒப்பித்தேன். பிராக்டிகல் தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் ஒரு சொல் பிசகாமல் சொல்லி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அன்றைக்கு அந்த நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது எனக்கு அந்த ஒலி கேட்கவில்லை.

அதை நிஜமாகவே கேட்டது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு நைட் டியூட்டியில். மூச்சுத்திணறலோடு ஓர் இளம்பெண் வந்திருந்தார். உடன் இருந்த, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அக்கா, தன் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டு, என் முன்கையில் விரலால் தாளம் தட்டினார். "முதல் சத்தம் டக்குனு விழும், அதைப் பிடிச்சுக்கோ. அப்புறம் ரெண்டு சின்னத் தட்டு. அதுக்கு அப்புறம் ஒரு உருட்டல், இப்போ... இப்போ..." என்று சொல்லி, வாயாலேயே மெல்ல உறுமிக் காட்டினார். நாலைந்து துடிப்புக்குள் எனக்குப் பிடிபட்டது. அதுவரை வெறும் சொற்களாக இருந்த அந்த வரி முழுவதும் அந்த நிமிடத்தில் அர்த்தம் பெற்றது. ரம்ப்ளிங் என்றால் தூரத்தில் இடி உருள்கிற மாதிரி. அவ்வளவுதான்.

புத்தகம் நல்ல புத்தகம்தான், அதில் எழுதியிருந்ததும் சரிதான். ஆனாலும் அந்த வரி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே கேட்டவருக்குத்தான் புரியும். எழுத்துப் பாடமும் ஒலிப் பாடமும் மருத்துவக் கல்வியில் எப்படி வளர்ந்தன, இரண்டும் எங்கே சேர வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் நான் அந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். "எனக்குக் கேட்டால்தான் ஏறும்", "எனக்குப் படித்தால்தான் ஏறும்" என்று மாணவர்கள் தங்களை இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அப்படி ஆளுக்கு ஒரு கற்கும் பாணி இருக்கிறது, அதற்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் பழைய ஆய்வுகளை அலசிப் பார்த்துச் சொன்னார்கள். ஆளைவிடப் பாடம்தான் இதைத் தீர்மானிக்கிறது. மருந்தின் அளவு எழுத்தில் இருக்க வேண்டும். காதில் 'பதினைந்து' 'ஐம்பது' ஆகிவிடலாம். நரம்பு எந்தத் தசைக்கு அடியில் போகிறது என்பதற்குப் படம் வேண்டும். இதயத்தின் ஒலிக்கு ஒலிதான் வேண்டும். இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல், நோயாளியின் படுக்கைக்கு வெளியே, இதய ஒலியை எழுத்தால் மட்டுமே கற்பித்தது. வேறு வழி இல்லை.

1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லனெக் ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதக் கற்றை ஒன்றைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பெரிய செயலாகத் தோன்றுகிறது. மூன்று ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, இறந்தவர்களின் உடலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்து, 1819-இல் இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் எழுதினார். அதற்குமுன் பெரும்பாலும் யாரும் கவனித்துக் கேட்டிராத ஒலிகளை, அவற்றைக் கேட்டிராத வாசகருக்கு மையால் கற்பிக்க வேண்டும். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு இன்னும் 58 ஆண்டுகள் இருந்தன.

லனெக் உவமைகளைப் பிடித்துக்கொண்டார். நிமோனியாவின் தொடக்கத்தில் நுரையீரலில் கேட்கும் படபடப்பு, சட்டியில் உப்பை இளஞ்சூட்டில் வறுப்பது போல. இதயத்தில் வரும் ஒருவகை இரைச்சல் துருத்தி ஊதுவது போல. இன்னொன்று அரம் ராவுவது போல, மற்றொன்று ரம்பம் அறுப்பது போல. மார்பில் கைவைத்தால் தெரியும் அதிர்வு, தடவிக் கொடுக்கும்போது பூனை உறுமுவது போல. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கும்போது நோயாளியின் பேச்சு ஆடு கத்துவது போலக் கேட்கும் என்பதால், கிரேக்க மொழியில் ஆட்டைக் குறிக்கும் சொல்லை வைத்து எகோஃபனி என்று பெயரிட்டார். அவர் குழல் வாசிக்கத் தெரிந்தவர். உவமையும் போதாத ஓரிடத்தில், 1826-இல் வந்த இரண்டாம் பதிப்பில், கழுத்து ரத்தக்குழாயில் தான் கேட்ட ஒரு முனகலை இசைக்குறியீட்டிலேயே எழுதிவிட்டார். எழுத்து தன் எல்லையைத் தொட்டு நிற்கும் இடம் அது.

அந்த உவமைகள் எல்லாமே வாசகரின் வீட்டுக்குள் இருந்து எடுத்தவை. அன்றைய பிரெஞ்சு மருத்துவர் ஒவ்வொருவரும் அடுப்படித் துருத்தியைக் கேட்டு வளர்ந்தவர். நம்மிலும், கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் படபடப்பைச் சொன்னால் உடனே புரியும். ஆனால் நமக்கு வந்து சேர்ந்தது அந்த உப்பு அல்ல. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பல பதிப்புகளில் சுருங்கி, 'ஃபைன் கிரெப்பிடேஷன்ஸ்' என்று இரண்டு சொல்லாகத்தான் வந்தது. உவமை போய்விட்டது, அதன் பெயர்ப்பலகை மட்டும் நின்றுவிட்டது.

லனெக்குக்கு ஒரு விஷயத்தில் தவறியது. இதயத்தின் இரண்டாவது ஒலி மேலறைகள் சுருங்குவதால் வருகிறது என்று எழுதிவிட்டார். அது வால்வுகள் மூடுவதோடு சேர்ந்தது என்று 1830-களில்தான் தெளிவாயிற்று. ஒலியைச் சரியாகக் கேட்டவர், விளக்கத்தில் பிசகினார்.

உவமைக்கு அடுத்த முயற்சி அசைகள். 'லப்–டப்' என்று நாம் பள்ளியிலேயே படிப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர்கள் இதய ஒலிக்கு வைத்த வாய்ச்சொல். பிரான்ஸில் பால் துரோசியே 1862-இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். மைட்ரல் ஸ்டெனோசிஸின் முழுத் தாளத்தையும் 'ஃபூத்–த–த–ரூ' என்று எழுதினார். 'ஃபூத்' என்பது ஏறிவந்து அறைகிற முதல் ஒலி. 'த–த' என்பது இரண்டாம் ஒலியும், இறுகிப்போன வால்வு திறக்கும்போது விழும் சொடுக்கும். 'ரூ' அந்த உருட்டல். பாடநூலில் இரண்டாம் ஒலிக்கும் சொடுக்குக்கும் நடுவே 0.04 முதல் 0.12 விநாடி இடைவெளி என்று இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் என்ன செய்ய முடியும்? 'த–த' என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தால் காது அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதிதல்ல. மிருதங்கம் கற்கும் பிள்ளை முதலில் வாயால்தான் கற்கிறது. 'தகதிமி', 'தகிட' என்ற சொற்கட்டு நாக்கில் ஏறிய பிறகே விரலுக்குப் போகிறது. துரோசியே செய்ததும் அதுதான், பி.ஜி. அக்கா அந்த இரவில் செய்ததும் அதுதான். ஆனால் நம் வகுப்பறையில் என்ன சொல்லித் தருகிறோம்? இதயத்தின் வழக்கமான இரண்டு ஒலிகளோடு மூன்றாம் ஒலி சேர்ந்தால் 'கென்டக்கி', நான்காம் ஒலி சேர்ந்தால் 'டென்னஸி'. இரண்டும் அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள். அமெரிக்கர் வாயில் முதல் பெயர் நடு அசையிலும் இரண்டாவது பெயர் கடைசி அசையிலும் அழுந்தும். அந்த அழுத்தமும் ஓட்டமும்தான் நினைவூட்டியின் உயிர். தமிழில் நாம் அப்படி ஓர் அசையை அழுத்திப் பேசுவதில்லை. நம் பிள்ளைகள் அதை மூன்று சம அசையாக ஒப்பிக்கிறார்கள், எது முந்தி எது பிந்தி என்ற குறிப்பே அதில் தொலைந்துவிடுகிறது. தாளத்துக்குச் சொல் வைப்பதில் இவ்வளவு கைதேர்ந்த மொழியை வைத்துக்கொண்டு கென்டக்கிக்குப் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணம் 19-ஆம் நூற்றாண்டிலேயே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயை மையமாக வைத்து வேலை செய்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தினார். தன் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்', உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர்கள். மொத்தம் ஏறக்குறைய 4,500 பக்கம். இதில் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வந்தது. ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் வெளியானது 1858-இல். பதினான்கே ஆண்டில் அது தமிழில் இருந்தது. கலைச்சொல் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து செதுக்க வேண்டியிருந்த காலத்தில்! அவர் கையில் ஒலிப்பதிவு இல்லை. நம் கையில் இருக்கிறது.

ஒலிப்பதிவு மருத்துவக் கல்விக்குள் வந்த கதையும் சுவையானது. 1920-களில் அமெரிக்காவில் மின் ஸ்டெதாஸ்கோப்புகள் வந்தன. ஒரு நோயாளியின் இதய ஒலியை அறை முழுவதும் ஒரே நேரத்தில் கேட்க வைக்க முடிந்தது. பிறகு இசைத்தட்டுகள் வந்தன. பாட்டுக் கேட்கிற அதே கிராமபோனில் இதய முணுமுணுப்புகளைப் போட்டுக் கேட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மருத்துவர் சங்கத்தின் துணையோடு ஆடியோ-டைஜஸ்ட் என்ற அறக்கட்டளை, புதிய மருத்துவச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாடாவில் பதிந்து மருத்துவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. கேசட் வந்த பிறகு காரில் போகும்போதே கேட்பது வழக்கமாயிற்று.

எனக்கு அதிகம் பிடித்தது இங்கிலாந்துக் கதை. எஸெக்ஸ் பகுதியில் பொது மருத்துவர்களாக இருந்த ஜான் கிரேவ்ஸ், வலரி கிரேவ்ஸ் தம்பதி 1957-இல் ஒரு மருத்துவ ஒலிநாடாச் சேவையைத் தொடங்கினார்கள். ஊர்ப்புறத்தில் தனியாக வேலை பார்க்கும் மருத்துவருக்கு நாடா தபாலில் வரும். கூடவே பார்ப்பதற்கு ஸ்லைடுகளும் வரும். பக்கத்து ஊர் மருத்துவர்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடுவார்கள், நாடாவை ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், பேசுவார்கள். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, நடுவில் நிறுத்திப் பேச ஆள். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் செயலிகளில் பலவற்றில் அந்த மூன்றாவது அம்சம் இல்லை.

சரி, இவ்வளவும் வந்த பிறகு மருத்துவர்களின் காது தேறியதா? 1997-இல் அமெரிக்காவில் சால்வதோரே மஞ்சோனேயும் லின்டா நீமனும் பயிற்சி மருத்துவர்கள் 453 பேருக்கும் ஒரு மாணவர் குழுவுக்கும், நோயாளிகளிடமிருந்தே பதிந்த 12 இதய ஒலிகளைப் போட்டுக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னார்கள். சரியாக வந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பயிற்சி ஆண்டு கூடக் கூட இது பெரிதாக முன்னேறவும் இல்லை. படித்த ஒவ்வொருவரும் அந்த 12 ஒலிகளையும் எழுத்தில் அறிந்தவர்கள்தான்.

ஏழு ஆண்டுகள் கழித்து பிலடெல்பியாவைச் சேர்ந்த இதய மருத்துவர் மைக்கேல் பாரெட்டும் அவர் குழுவினரும் மிக எளிய ஒரு வழியைச் சோதித்தார்கள். அடிப்படையான முணுமுணுப்புகளை, ஒவ்வொன்றையும் 500 தடவை மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். இதயம் விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல் துடிப்பதால் 500 என்பது பெரிய வேலை இல்லை, பத்து நிமிடத்துக்குள் ஒரு ஒலி முடிந்துவிடும். மாணவர்களின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. காது கற்பது அப்படித்தான். ஃபோனில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே அம்மாவா சித்தியா என்று தெரிந்துவிடுகிறதே, அதற்கு நாம் எந்த வரையறையையும் மனப்பாடம் செய்யவில்லை. பல தடவை கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே மாணவர்கள் விழும் ஒரு குழியைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஹாஸ்டலில் நாலு பேர் உட்கார்ந்து, செல்ஃபோன் ஸ்பீக்கரில் இதய ஒலியைப் போட்டுக் கேட்பார்கள். மூன்றாம் ஒலியும் மைட்ரல் ஸ்டெனோசிஸின் உருட்டலும் தாழ்ந்த சுருதி கொண்டவை. அவற்றின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கிறது. செல்ஃபோனின் குட்டி ஸ்பீக்கரோ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகவும் மெலிந்துவிடும். நம் காதும் தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானதுதான். ஆகக் கேட்க வேண்டிய ஒலி அந்த அறையில் ஒலிக்கவே இல்லை. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் மற்ற பகுதியைக் கேட்டுவிட்டு 'இதுதான் போல' என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். நல்ல இயர்ஃபோன் இல்லாமல் இதய ஒலியைப் படிக்கவே கூடாது. விலை உயர்ந்தது வேண்டாம், காதை அடைத்து உட்கார்வதாக இருந்தால் போதும்.

இன்னொன்று, பாடத்துக்காகத் தயாரிக்கப்படும் ஒலிகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். 1968-இல் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோர்டன் அறிமுகப்படுத்திய 'ஹார்வி' என்ற பொம்மை நோயாளி நாடித்துடிப்பு, கழுத்துச் சிரையின் துடிப்பு, இதய ஒலி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தக் காட்டுவது. தன் ஆசிரியர் புரோக்டர் ஹார்வியின் பெயரையே அதற்கு வைத்தார். 2019 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஸ்கில் லேப் என்ற செய்முறைப் பயிற்சிக்கூடம் கட்டாயமாகியிருக்கிறது, அங்கே இப்படிப்பட்ட பொம்மைகளைப் பார்க்கலாம். நல்ல விஷயம். ஆனால் நம் வார்டில் மின்விசிறி கடகடக்கும், பக்கத்துப் படுக்கையில் குழந்தை அழும், நோயாளி மூச்சை நிறுத்த முடியாமல் இருமுவார். சுத்தமான ஒலியைக் கேட்டுப் பழகிய கையோடு, அதே வாரத்தில் வார்டுக்குப் போய் அதைத் தேட வேண்டும். இடைவெளி விட்டால் பொம்மையின் ஒலி பொம்மையோடு நின்றுவிடும்.

விரிவுரைப் பதிவுகள் வேறு வகை. அவற்றுக்கு நான் அவ்வளவு ஆதரவாளர் இல்லை. பஸ்ஸில் போகும்போது கேட்டால் படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும். கேட்டதை மூடிவைத்துவிட்டுச் சொந்தமாக எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு நின்றது என்று தெரியும். பட்டியல்களையும் அளவுகளையும் காதால் படிப்பது வீண். ஒரு நோய் உடம்பில் எப்படி நகர்கிறது, ஒன்று ஏன் இன்னொன்றைக் கொண்டுவருகிறது என்ற கதைக்கு மட்டும் குரல் நன்றாக வேலை செய்யும்.

அந்தக் கதையை எந்த மொழியில் சொல்வது? தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் கூடுதலாக மருத்துவக் கல்லூரிக்குள் வருகிறார்கள். முதல் ஆண்டிலேயே ஆயிரம் பக்க ஆங்கில நூல்கள் மேசையில் வந்து விழும். அவர்களைக் கரையேற்றுவது பெரும்பாலும் சீனியர்கள்தான். தேர்வுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வரும்: "தம்பி, இதை இப்படி யோசி. வால்வு சுருங்கிடுச்சு, ரத்தம் கீழே இறங்கல, அப்போ எங்கே தேங்கும்? மேல்தானே? அங்கேருந்து நுரையீரலுக்குத்தானே திரும்பும்? அதான் மூச்சு வாங்குது." கலைச்சொல் ஆங்கிலம், விளக்கம் தமிழ். நான் பார்த்த மிகத் தெளிவான மருத்துவப் பாடங்களில் சில அந்த இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டுகள். யாரும் அவற்றைச் சேமிப்பதில்லை, சரிபார்ப்பதில்லை. ஃபோன் மாறினால் போய்விடுகின்றன.

இப்போது நான் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ஒரே ஒரு பக்கத் தாளும் ஓர் ஒலிக்கோப்பும் கொடுக்கிறேன். தாளில் மேலே பாடநூலின் ஆங்கில வரி அப்படியே இருக்கும், ஏனென்றால் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். அதன்கீழ் தமிழில் இரண்டு வரி விளக்கம். அடுத்து அந்த ஒலியின் சொற்கட்டு. துரோசியேயின் 'ஃபூத்–த–த–ரூ'வை அப்படியே விட்டுவிட்டேன், அது தமிழ் நாக்குக்கும் சரியாகவே உட்கார்கிறது. ஒலிக்கோப்பில் முதலில் என் குரலில் அந்தச் சொற்கட்டு மெதுவாக, பிறகு வேகமாக. அதன்பின் எட்டு நிமிடம் வெறும் ஒலி, பேச்சே கிடையாது. கடைசியில் வார்டு இரைச்சலோடு அதே ஒலி. கேட்ட அன்றைக்கே அவர்களை ஒரு நோயாளியிடம் அழைத்துப் போகிறேன். அவர் சம்மதித்தால்தான், அதுவும் மூன்று பேருக்கு மேல் இல்லை.

போன மாதம் ஒரு மாணவி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி வெகுநேரம் நின்றாள். "கேட்கலை சார்" என்றாள். அவள் முன்கையில் தட்டப் போனேன். அதற்குள் அவளே மற்றொரு கையால் கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கியிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. படுத்திருந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, பாட்டு ஏதாவது கேக்குதா?" என்றார். "இருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.